வெண்கலக்காரி கையில் என்ன?

"அதைத் தொடாதே! பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால நீ தொட்டதே போதும்!"

ஈஸ்டருக்கு முந்தின நாள். காலைக் காபி இறங்குவதற்குள் மாமியார் அர்ஜியா ஆரம்பித்துவிட்டாள். மருமகள் எர்சிலியா தூசி தட்ட எடுத்த துணியை மடித்து வைத்தாள். அவளுக்கு இதெல்லாம் புதிதா என்ன!

மேஜைமேல் நின்றாள் அந்த முழ உயர வெண்கலப் பெண். நானூறு வருஷப் பழசு. கையில் வட்டமாக ஏதோ ஏந்தியிருப்பாள். தட்டு என்பாள் அர்ஜியா. ரொட்டி என்பான் அவள் மகன். உடம்பெல்லாம் கருகரு. வட்டத்தின் ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு மஞ்சள். வீட்டை ஆசீர்வதிக்கப் பாதிரியார் வருமுன் செம்புப் பாத்திரங்களைச் சாம்பலும் வினிகரும் போட்டுத் தேய்ப்பது இத்தாலியின் லூக்கா ஊரில் வழக்கம். அப்படித் தேய்க்கும்போது புது மருமகள் இதையும் சேர்த்துத் தேய்த்துக் கெடுத்துவிட்டாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. அன்றிலிருந்து ஈஸ்டர் முட்டையை அர்ஜியா தன் கையால் உரித்து எல்லோருக்கும் கொடுப்பாள், மருமகளைத் தவிர.

இப்போது கூரை ஒழுகுகிறது. சிலையை விலை பேச ஃப்ளாரன்ஸ் வியாபாரி பெனாஸ்ஸி வந்திருந்தார்.

"தேய்ச்சிருக்குன்னு விலையக் குறைச்சுடாதீங்க ஐயா... எல்லாம் இவ கைவரிசை!" என்றாள் அர்ஜியா. அவள் மகள் நீவெஸ் கதவோரம் நின்று நகத்தைக் கடித்தாள்.

பெனாஸ்ஸி பூதக்கண்ணாடியோடு அந்த மஞ்சளையே பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொஞ்சம் சாராயம் கிடைக்குமா?"

"காலங்காத்தாலேயா!"

"குடிக்க இல்லைம்மா!"

பஞ்சில் நனைத்து மெல்லத் தேய்த்தார். பஞ்சு கறுத்தது. வட்டத்தைச் சுற்றிக் கோடு கோடாக ஏதோ தெரிய, எல்லோரும் குனிந்தார்கள்.

"இந்தக் கறுப்பு, பிற்காலத்துல யாரோ பூசுன சாயம்! இது தட்டும் இல்ல, ரொட்டியும் இல்ல. கதிரைப் பாருங்க... சூரியன்! அந்தக் காலச் சிற்பிங்க வழக்கப்படி, சூரியனை ஏந்தி நின்னா அவ பேரு உண்மை. உண்மையையே பொண்ணா வார்த்திருக்கான்! தேய்ச்ச இடம் மட்டும் இல்லேன்னா எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. விலை மூணு மடங்கு!"

அர்ஜியாவின் முகம் மலர்ந்தது. "அடி என் மருமகளே... ராசியான கைடி உனக்கு!"

எத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை! சும்மா இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? எர்சிலியா கதவோரம் நின்ற நீவெஸை ஒரு முறை பார்த்தாள்.

"அத்தை... அது நான் தேய்க்கல."

"என்னது?!"

நீவெஸ் ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டு கதறினாள். "நான்தாம்மா! உதவி பண்றேன்னு நினைச்சு... தப்பு பண்ணா கன்னிமாடத்துல விட்டுடுவேன்னு மிரட்டுவியே! பயந்து நின்னேன். அண்ணிதான் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க!"

"ஏன்டி இத்தனை நாள் வாயைத் திறக்கல?" என்று மருமகளைக் கேட்டாள் அர்ஜியா.

"பன்னெண்டு வயசுப் பிள்ளை, அத்தை... நடுங்கிட்டு நின்னா. திட்டு வாங்க முடிஞ்சுது. அவளுக்குச் சேர வேண்டிய பாராட்டைத்தான் வாங்க மனசு வரல."

அர்ஜியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெனாஸ்ஸி தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ... சிலை?"

"எடுத்துட்டுப் போங்க ஐயா. உண்மை பேச வீட்டுல ஒருத்தி இருக்கா" என்றாள் அர்ஜியா.

மறுநாள் காலை, ஓடு துண்டு துண்டாகச் சிதற, முதல் முட்டையை உரித்து மருமகளிடம் நீட்டினாள் அர்ஜியா. எர்சிலியா அதை வாங்கிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"அழாம தின்னுடி... உப்பு ஏற்கெனவே போட்டிருக்கேன்!" என்று அதட்டிய மாமியாரின் கன்னமும் நனைந்திருந்தது.