வாலுக்குப் பின்னால்

நகரப் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் மலை ஆரம்பித்துவிடும். வருஷத்துக்கு ஒருநாள் அங்கே மலை ஓட்டம் நடக்கும். இருபது கிலோமீட்டரும் பாறை, சரளை, முள். வழி தெரிவதற்காக மரத்துக்கு மரம் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருப்பார்கள். கடைசி ரிப்பன் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் ஓட்டம் முடியும்.

எல்லோருக்கும் பின்னால், அந்த ரிப்பன்களை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு ஒருத்தி வருவாள். அவளை 'வால்' என்பார்கள். மற்ற நாளில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள். வாலுக்கு ஒரே சட்டம்தான். யாரையும் முந்தக் கூடாது. முன்னால் போகிறவர் நொண்டி நொண்டிப் போனாலும் அவர் முதுகைப் பார்த்தபடியேதான் போக வேண்டும்.

ஏனென்றால், வால் கடந்த பிறகு அங்கே வழியே கிடையாது.

"என்ன வாலு, இந்த வருஷமும் ஆட்டிக்கிட்டே வரப்போறியா?" என்றார் கணக்கு வாத்தியார். ஓட்டத்தை நடத்துகிறவர் அவர்.

"தலையா நீங்க இருக்கீங்களே சார். வாலு ஆடித்தானே ஆகணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் மேசைக்குப் பின்னால் நின்றவள் மட்டும் சிரிக்கவில்லை. போன வருஷ ஓட்டத்தில் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் வழி தவறிப் பள்ளத்தில் விழுந்து, மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அவருடைய மனைவிதான் இவள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேம்மா," என்று வாலிடம் டம்ளரை நீட்டினாள். "கடைசியா உன்கிட்ட ஏதாச்சும் பேசினாரா?"

"நான் அவரைப் பாக்கவே இல்லக்கா."

பாதி குடித்த டம்ளரை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

பார்த்திருந்தாள், கண்ணுகளா. அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. பாதை இரண்டாகப் பிரிகிற வழுக்குப்பாறையில் அவர் குனிந்துகொண்டிருந்தார். "நீங்க போங்கம்மா, லேஸ் கட்டிட்டு வந்துடறேன்," என்றார். நனையப்போகிற பயத்தில் அவளும் போய்விட்டாள். பழகிய கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு ரிப்பனாக அவிழ்த்துக்கொண்டே போனது. கீழே வாத்தியார், "பின்னாடி யாராவது?" என்றபோது, முந்திவிட்டேன் என்று சொல்ல வெட்கம். இதோ வந்துவிடுவார் என்று ஒரு நினைப்பு. "யாருமில்ல சார்," என்றாள்.

உள்ளதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தேடியிருப்பார்கள்.

இந்த வருஷம் அவள் வழுக்குப்பாறைக்கு வந்தபோது மணி இரண்டிருக்கும். ஆனாலும் பனிமூட்டம் இறங்கி, வெயிலை விழுங்கியிருந்தது. நொண்டிக்கொண்டே முன்னால் போன தையல்காரர் கண்ணுக்கு மறைந்துவிட்டார். காற்று இல்லை. குருவிச் சத்தமும் இல்லை. ரிப்பனில் கை வைத்தாள்.

டிக்.

பாறையில் ஏதோ சின்னதாகத் தட்டிய சத்தம். கல் உருண்டிருக்கும் என்று இரண்டடி வைத்தாள்.

டிக். டிக்.

அவிழ்ந்த லேஸின் நுனி, ஒவ்வோர் அடிக்கும் கல்லில் அடிபடுகிற சத்தம்.

அவள் நின்றாள். அதுவும் நின்றது. மூன்று நாள் மழையில் கிடந்த துணி வாடை பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

வாலுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாதே!

திரும்பவில்லை. "நான் அவுக்கல," என்று முணுமுணுத்தாள். "ஒண்ணுகூட அவுக்க மாட்டேன். பாத்து இறங்குங்க. கீழ போனதும் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல்.

"நீங்க போங்கம்மா... வந்துடறேன்."

ஓடினாள். முள் கிழித்தது தெரியவில்லை, முட்டி பெயர்ந்தது தெரியவில்லை. தையல்காரர் முதுகு தெரிந்ததும் அவரை முந்தாமல் ஒட்டியே இறங்கினாள். வழியெல்லாம் ரிப்பன்கள் கட்டியபடியே நின்றன. டிக் டிக் என்று அதுவும் ஒரே அளவாகப் பின்னால் வந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கடைசி ரிப்பனுக்கு அடியில், வாத்தியார் நோட்டும் கையுமாக நின்றார். அவருக்கு அருகில் அந்த அக்கா.

"வால் வந்தாச்சு! பின்னாடி யாராவது?"

அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு முகத்தைப் பார்க்காமலிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

"யாருமில்ல சார்."

முதுகுக்குப் பின்னால் சத்தம் சட்டென்று நின்றது.

வீடு மூன்றாம் மாடி. பாதி நிறைந்த ரிப்பன் பையைச் சமையலறையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். எத்தனை முறை தேய்த்தும் ஈரத்துணி வாடை போகவில்லை. வெளியே வந்தபோது கணவன் பக்கோடா மாதிரி சுருண்ட துணிகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"வாசக்கதவு காத்துல படார் படார்னு அடிச்சுது. தாழ்ப்பாள் வேற இன்னும் சரி பண்ணல. உன் பையிலேர்ந்து ஒரு ரிப்பனை எடுத்துக் கைப்பிடியை ஜன்னல் கம்பியோட சேத்துக் கட்டிட்டேன். எப்படி, என் மூளை?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கைப்பிடியில் ஆரஞ்சு ரிப்பன்.

மலையிலிருந்து இறங்கி வருகிற வழியில், கடைசி ரிப்பன்.

கீழே, மாடிப்படியில், டிக்.

"தொறக்காதீங்க," என்றாள்.

"யாரு வர்றா? பால்காரனா?"

டிக். டிக். படி ஏறி, திருப்பத்தில் நிதானித்து, மறுபடி ஏறி, கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"தொறக்காதீங்கன்னு சொல்றேன்ல!"

"சின்னப்புள்ள மாதிரி என்ன பயம் உனக்கு?" சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்துக் கதவை அகலத் திறந்தான். எட்டிப் பார்த்தான். படிகளில் மேலே ஏறி வந்த ஈரச் சுவடுகள் வாசல்வரை இருந்தன. இறங்கிப் போனதாக ஒன்றுகூட இல்லை.

கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"யாருமில்லம்மா."

அவளுடைய முதுகுக்குப் பின்னால், படுக்கையறைத் தரையில், யாரோ குனிந்து லேஸை இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.