ஆறாம் பெட்டிக்கு இருபத்தாறு டிகிரி

ஆறாம் பெட்டியின் எண் மட்டும் அசையவே இல்லை.

திருச்சுழி சாலையை ஒட்டிய சோலார் தகடுகள் நட்ட காட்டில், தகர அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதுதான் நாகஜோதியின் வேலை. வெளியே வெடித்துக் கிடக்கும் கரிசலில் லாரி நீளத்துக்கு எட்டு இரும்புப் பெட்டிகள், உள்ளே அடுக்கடுக்காக பேட்டரி. சூடு ஏறினால் அவை வெடிக்கும் என்பதால் பெட்டிக்கு ஒரு ஏசி. திரையில் மற்ற ஏழின் சூடும் சித்திரை வெயிலுக்கு முப்பது, முப்பத்திரண்டு என்று ஏறி இறங்கியது. ஆறு மட்டும் காலையிலும் இருபத்தாறு, உச்சியிலும் இருபத்தாறு.

"புது ஏசி தங்கச்சி, நல்லா இழுக்குது. நீ கதவத் தொறந்துறாத, சூடு உள்ள போயிரும்" என்று மேற்பார்வையாளர் தவசி சொல்லியிருந்தார். புருஷன் செத்தபின் சொந்தமெல்லாம் ஒதுங்கிக்கொண்டபோது, வீடு தேடி வந்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர். அவர் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

ஆறாம் பெட்டிக்குப் பின்னால், இரும்போடு ஒட்டி, கழுத்தில் சாக்குச் சுற்றிய மண்பானை ஒன்றைப் பாதி புதைத்து வைத்திருந்தார். "குருவி தவிக்கும் தங்கச்சி. பான நெறஞ்சே இருக்கணும், சாக்கு காயக் கூடாது." இவ்வளவு இரக்கமா இந்த மனுஷனுக்கு என்று உருகித்தான் அவளும் தினம் மூன்று குடம் ஊற்றினாள். ஒரு குருவியையும் அங்கே பார்த்ததில்லை.

இன்று தவசி பந்தல்குடிக்குச் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். காற்று நின்றிருந்தது. குடத்தோடு நடந்தபோது ஒவ்வொரு பெட்டியின் ஏசி இரைச்சலும் தனித்தனியாக அவளைத் தாண்டிப் போனது. ஐந்து இரைந்தது. ஏழு இரைந்தது. நடுவில் ஆறு சத்தமே இல்லாமல் நின்றது. தொட்டாள். கை சுட்டது.

குடத்தை இறக்கிவிட்டு, ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்து கதவைத் திறந்தாள்.

உள்ளிருந்து வந்த அனலில் ஒரு வாடை இருந்தது. அழுகிய பழம் போலத் தித்திப்பாக, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற வாடை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். இருட்டுக்குள் எங்கோ டக் என்றது. கொஞ்சம் பொறுத்து, வேறோர் இடத்தில், டக். பேட்டரிகளின் வயிறு உப்பியிருந்தது.

கடைசிச் சுவரில் ஏசியின் கூடு மட்டும் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, கழற்றி விற்றாயிற்று. சூடு பார்க்கும் கருவி இருக்க வேண்டிய ஆணி வெறுமையாக இருந்தது. அதன் கறுப்பு ஒயர் சுவரோடு இறங்கி, விரல் நுழையும் ஓர் ஓட்டை வழியாக வெளியே போயிருந்தது. குனிந்து கண்ணை வைத்தாள்.

வெளிச்சம். ஈரச் சாக்கு. சாக்குக்கு அடியில் பானைக்குள் இறங்கிய ஒயர்.

திரையில் தெரிந்த இருபத்தாறு பெட்டியின் சூடு இல்லை. பானையின் குளிர்ச்சி. அவள் ஊற்றிய தண்ணீர். குருவி என்று சொல்லி அவள் கையாலேயே ஊற்ற வைத்திருக்கிறார். தங்கச்சி தங்கச்சி என்று நம்ப வைத்துக் கழுத்தறுத்திருக்கிறார்.

பின்னால் கதவு மூடிக்கொண்டது.

கொண்டி விழும் சத்தம்.

"அண்ணே! நான் உள்ள இருக்கேண்ணே!"

ஓடிப்போய்த் தடவினாள். உள்பக்கம் கைப்பிடி இல்லை. கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு துளைகள்.

டக். டக். டக்.

போன் தகர அறையில், சார்ஜில் கிடந்தது. இரும்பு சுட்டது. மூச்சு சுட்டது. தவழ்ந்து ஓட்டைக்கே வந்தாள்.

வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. அவள் இறக்கி வைத்த குடத்தை ஒரு கை தூக்கியது.

"அண்ணே… அண்ணே, நாகஜோதிண்ணே…"

கை நின்றது. கேட்டுவிட்டது. நிச்சயம் கேட்டுவிட்டது.

பிறகு, குடம் மெல்லச் சாய்ந்தது. சாக்கெல்லாம் நனையும்படி, நிதானமாக, பானை நிரம்பி வழியும்வரை தவசி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.