திராட்சைப் பந்தலில் ஒரு சௌசௌக்கொடி

பெனிஷா முதலில் பார்த்தது சௌசௌக்காய்களை. அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தவனின் கண்களைப் பிறகுதான் பார்த்தாள்… அதற்குள் சண்டை தொடங்கிவிட்டிருந்தது.

தேனி உழவர் சந்தையில் ஆனி மாதத்துச் சனிக்கிழமைக் காலை. மலையிலிருந்து இறங்கிய காற்று தகரக் கூரைகளைத் தடதடவென்று அடித்தது. சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. ராயப்பன்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் பன்னீர் திராட்சையோடு வந்திருந்தாள் பெனிஷா. கம்பத்துச் சந்தையில் எல்லார் கூடையிலும் திராட்சைதான். தேனி வரை வந்தால்தான் கட்டுப்படியாகும். அப்பா ஜான் பீட்டர் பந்தல் வேலையில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். அவர் எழுந்து நடக்கும்வரைதான் என்று சொல்லிவிட்டு, கோயம்புத்தூர் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்தாள் அவள்.

பக்கத்து மேடையில் புதியவன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முருங்கைக்காய்களைக் கட்டுக் கட்டாக வைத்தான். சரி… அடுத்து ஒரு சாக்கைப் பிரித்துச் சௌசௌவைக் கொட்டினான்.

அவள் கை திராட்சைக் குலையின் மேல் அப்படியே நின்றது.

முருங்கை வறண்ட செம்மண்ணில் காய்ப்பது. சௌசௌ மலைக் குளிரில் பந்தலில் தொங்குவது. ஒரே ஆளின் தோட்டத்தில் இரண்டும் எப்படி விளையும்? மொத்த மார்க்கெட்டில் வாங்கி வந்து விவசாயி போல உட்காரும் வியாபாரிகள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள். போன வாரம் அப்படி ஒருவன் பாதி விலைக்குத் திராட்சையைக் கொட்டி விற்றான். விலை போகாத தன் பழங்களைப் பக்கத்து வீட்டு ஆடுகளுக்குப் போட்டாள் அவள்.

எந்த ஊர் என்று கேட்டாள். கடமலைக்குண்டு என்றான், நிமிராமலே.

"கடமலைக்குண்டுல சௌசௌ எப்பருந்துங்க காய்க்குது?"

இப்போது நிமிர்ந்தான். சாரல் பட்டு இமைகள் நனைந்திருந்தன. தூக்கம் போதாத கண்கள்… ஆனாலும் ஓரத்தில் சிரிப்பு.

"நீங்க ஆபீசரா?"

"திராட்சக்காரி."

"அப்ப திராட்சைய வித்துக்கிட்டு இருங்க. வெசாரிக்கணும்னா ஆபீஸ் அங்கன இருக்கு."

எதிர் மேடையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவளை எழுப்பி அலுவலகத்துக்கு நடக்க வைத்தது. பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தபோதும் அவளுக்கு அதுதான் உறுத்தியது. நியாயத்துக்காகப் போகவில்லை… ஒரு சிரிப்புக்காகப் போனாள்.

சந்தை அலுவலர் வந்தார். உழவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். சுரேஷ்கண்ணன், அப்பா அம்மாவாசி. நிலம் கடமலைக்குண்டு, பயிர் முருங்கை. புகைப்படத்தில் அப்பாவும் மகனும் மட்டும். அட்டையில் இருப்பவர்கள் அட்டையில் இருக்கும் நிலத்து விளைச்சலைத்தான் விற்கலாம். சௌசௌ யாருடையது என்று அவர் கேட்டார்.  அவன் காற்றில் படபடத்த சாக்கை அழுத்திப் பிடித்தான்.

"எங்க அம்மாவோடது," என்றான் கடைசியில். "மலையில, அகமலைப் பக்கம்."

அம்மா ஏன் படத்தில் இல்லை என்று அலுவலர் கேட்டபோது அவன் முருங்கைக் கட்டுகளை நேராக்கினான். நிலத்தை நேரில் பார்த்த பிறகுதான் அட்டை திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி அவர் அதை எடுத்துக்கொண்டு போனார். அவன் காய்களைச் சாக்கில் திரும்ப அள்ளினான். ஒரு சௌசௌ உருண்டு அவள் காலடியில் வந்து நின்றது. அவன் அதைப் பார்த்தான்… அவளையும் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். களைப்புதான் இருந்தது. காயை எடுக்காமலே போய்விட்டான்.

மறுபக்க மேடையில் கீரை விற்கும் அக்கம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவன் பெரியகுளம் சந்தையில் உட்கார்ந்த காலத்திலிருந்தே அவனை அவளுக்குத் தெரியுமாம். அப்பாவும் அம்மாவும் பிரிந்து வெகுகாலம் ஆயிற்று. அவர் கீழே, அந்தம்மா மேலே. பேச்சுவார்த்தை கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் இவன் மலை ஏறி அம்மாவின் காயை இறக்குவான். சனிக்கிழமை அப்பாவின் காயோடு சேர்த்து வைத்து விற்பான். யாரும் அதுவரை கேட்டதில்லை.

"அவுக ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கது இந்தச் சாக்கு விரிப்புல மட்டுந்தான் ஆத்தா," என்றாள் அக்கம்மாள்.

"இத அவரு அப்பவே சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"நீ எங்க கேட்ட? நீ சொல்லிக்கிட்டுல்ல இருந்த."

சௌசௌவைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அவளுக்குச் சௌசௌ பிடிக்காது. சிறுவயதிலிருந்தே தட்டில் ஒதுக்கி வைப்பாள். வீட்டில் அம்மா பாக்கியம் அதைக் கூட்டு வைக்க எடுத்தபோது வெடுக்கென்று பிடுங்கிச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

அதன் பிறகு எதிலும் மனம் நிலைக்கவில்லை. சந்தையில் குலைகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். முருங்கைக்காய் என்று யார் கூவினாலும் திரும்பிப் பார்த்தாள். மாலையில் பந்தலுக்கு அடியில் போய் நிற்பாள். தலைக்கு மேலே இலைகள் சலசலத்துக்கொண்டே இருக்கும். மருந்தடிக்க வந்தவள் மருந்தை மறந்துவிட்டுத் திரும்பி வருவாள். எனக்கு என்ன ஆயிற்று? தப்பு செய்தேன், சரி. தப்பு செய்தவர்கள் எல்லாம் இப்படியா ஒருவனுடைய நனைந்த இமைகளையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

அலுவலகத்துக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டாள். அலுவலர் சிரித்தார். முருங்கைத் தோட்டம் சரியாக இருக்கிறது, அட்டையை அவனிடம் கொடுத்தாயிற்று என்றார். அம்மாவின் காயை விற்கவேண்டுமானால் அந்தம்மா பேரில் தனி அட்டை வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு மேடைதான் என்பதால் அவரே வந்து உட்காரவும் வேண்டும்.

அந்த வாரச் சனிக்கிழமை அவன் வந்தான். அவள் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் சந்தையின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தான். வெறும் முருங்கையோடு… பாதி மேடை காலியாகக் கிடந்தது.

அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அக்கம்மாளிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். வாயில் வந்ததோ, தனி அட்டைக்கு என்னென்ன கொடுக்கவேண்டும் என்ற விவரம்.

அவன் முழுவதையும் கேட்டான்.

"தனிக் கார்டு இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீக?" குரல் தாழ்ந்திருந்தது. "அவுக ரெண்டு பேரும் தனித்தனின்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் எழுதல. நானே போயி எழுதி வாங்கட்டுமா?"

 ஒரு வார்த்தை… அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். "சட்டம் அப்பிடித்தான இருக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். சே, என்ன பிறவி நான்… என்று நினைத்துக்கொண்டாள், திராட்சைத் தட்டுக்கு முன்னால் கண்ணைத் துடைத்தபடி. வெங்காயமா விற்கிறாய் என்று கேட்டாள் அக்கம்மாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கும் அடுத்ததிலும் இல்லை.

ஜன்னலில் சௌசௌவின் நுனி பிளந்து, அதிலிருந்து ஒரு பச்சை முளை எட்டிப் பார்த்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, மண் தரவில்லை. தன் பாட்டுக்கு அது வளைந்து வளைந்து வெளிச்சத்தைத் தேடியது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. எப்போது வருவாய் என்றார்கள். அப்பா ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்கத் தொடங்கியிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டதும், பந்தலுக்குத் தண்ணீர் விடவேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை… சாரல் மழையாகவே மாறிக்கொண்டிருந்த காலையில், பக்கத்து மேடையில் ஓர் அம்மா வந்து சாக்கை விரித்தார். மலைக்காரர்கள் போல ஸ்வெட்டர் போட்டிருந்தார். சாக்கு நிறையச் சௌசௌ. 

அந்தம்மா புத்தம்புது அட்டையை எடுத்துத் தராசு மேல் சாய்த்து வைத்தார். கஸ்தூரியம்மாள் என்று இருந்தது.

"எம் புள்ளையக் காட்டிக்குடுத்த திராட்சக்காரி நீதானா?"

பெனிஷா எழுந்து நின்றுவிட்டாள். ஆமாம் என்று தலையசைத்தாள்.

"ஒக்காரு ஆத்தா. அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. காய எடுக்காம வெறுங்கையோட எறங்குனான். துருவித் துருவிக் கேட்டு வாங்கினேன்." காய்களைத் துடைத்துக்கொண்டே பேசினார். "கார்டு போட நாந்தான் போனேன். வந்து ஒக்காரணும்னு சொன்னாக. எத்தன வருசமா அவன் முதுகுல காய ஏத்தி விட்டுட்டு நான் மேலயே இருந்துட்டேன்… கீழ எறங்குனா அந்த மனுசன் மூஞ்சியில முழிக்கணுமேன்னு."

பெனிஷாவுக்கு அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. மன்னிச்சிருங்கம்மா என்றாள். அவனிடம் போய்ச் சொல் என்பதுபோலக் கஸ்தூரியம்மாள் முகத்தைத் திருப்பிக் காட்டினார்.

சுரேஷ்கண்ணன் அம்மாவுக்கு அடுத்த மேடையில் முருங்கையை இறக்கிக்கொண்டிருந்தான். அம்மா அவன் வைத்த காய்க் கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். கட்டியது அப்பாவா என்று கேட்டார். அவன் ஆமாம் என்றான்.

"இன்னும் தென்னங்கயித்துலயே சுத்துறாரா… காய் நசுங்குமே."

மடியிலிருந்து வாழைநாரை உருவி அந்தக் கட்டைப் பிரித்து மறுபடி கட்டினார். பிறகு அடுத்ததை. கேட்டு வந்த ஆட்களைக்கூடக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, எல்லாக் கட்டுகளையும் கட்டி முடித்துத்தான் நிமிர்ந்தார். சுரேஷ் கயிற்றுத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி நின்றான். அவன் முகத்தைப் பார்க்கப் பெனிஷாவுக்குத் துணிவு வரவில்லை… பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

சந்தை முடிந்தது. தராசுகளைத் திருப்பிக் கொடுக்க எல்லாரும் அலுவலகத்து வாசலில் நின்றார்கள். அவனுக்குப் பின்னால் நின்றாள் அவள். மழை வலுத்ததும் இருவரும் ஒரே கூரை நுனிக்குக் கீழே ஒதுங்கவேண்டியதாயிற்று. சில வாரங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜன்னல் காயைப் போட்டுச் சுமந்து வந்து, திரும்பச் சுமந்து போன துணிப்பையைத் திறந்து அந்தக் காயை நீட்டினாள். முளை ஒரு விரல் நீளத்துக்கு வளர்ந்து, நுனியில் இரண்டு சின்ன இலை விட்டிருந்தது.

"அன்னைக்கு உருண்டது."

"சமைக்கலையா?"

"எனக்குச் சௌசௌ ஆகவே ஆகாது."

"பெறகு எதுக்கு வச்சிருந்தீக?"

காற்று. தகரத்தில் மழை.  இந்தத் தடவையும் வேறு எதையாவது சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தால்… இனி ஒரு சனிக்கிழமை கிடைக்காது என்று தோன்றியது.

"அன்னைக்கு நாயத்துக்காகப் போகல. என்னையப் பாத்துச் சிரிச்சாக, அதுக்காகப் போனேன். மன்னிச்சிருங்க."

"சிரிச்சதுல நானும் இருந்தேன்," என்றான் அவன். காயை வாங்கித் திருப்பிப் பார்த்தான். விரல்கள் முளையைத் தொடாமல் தொட்டன. "இத நடணும். பந்தல் வேணும்."

"பந்தல் எங்ககிட்ட இருக்கு."

"அது திராட்சப் பந்தல்."

"ரெண்டும் படர்றதுதான?"

அவன் சிரித்தான். முதல் நாள் பார்த்த அதே சிரிப்பு, கண் ஓரத்தில்… ஆனால் களைப்பு இல்லை. அப்பா எழுந்ததும் நீங்கள் கோயம்புத்தூர் போய்விடுவீர்கள் என்று அக்கம்மாள் சொன்னதாகச் சொன்னான். சொல்லும்போது முளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்டுல சம்மதிக்க மாட்டாக," என்றாள் அவள், அவன் கேட்காத கேள்விக்கு. "கோயிலு வேற, சாமி வேற…"

"எங்க பக்கம் ரெண்டு வீட்டுல கேக்கணும். அவுக ரெண்டு பேரும் பேசிக்கிறதுகூட இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. காயை அவன் கையிலிருந்து திரும்ப வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"இத நட்டு வைக்கிறேன். ஒரு காயாவது காய்க்கட்டும். அதப் பாத்துட்டுத்தான் கோயம்புத்தூர் போவேன்."

சுரேஷ்கண்ணன் அவளையே பார்த்தான். விளையாடுகிறாளா என்று புரியாத பார்வை.

"ஏங்க… ராயப்பன்பட்டி வெயிலுக்கு இது கொடி ஓடும், எலை விடும். காய்க்கவே காய்க்காதுங்க."

"தெரியும்," என்றாள் பெனிஷா.