ஹைலா மாமியின் பேரீச்சங்கொட்டை

எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்லக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

என் பெயர் நூஃப். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறேன். தம்பி மிஷாரி பிறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. முதல் ஆறு நாள் சாதுவாகத்தான் கிடந்தான். ஏழாம் நாள் ஆடு அறுத்துப் பெயர் வைத்தோம். ஊரே வந்து சாப்பிட்டுப் போனது. அன்று சாயங்காலம் வாயைத் திறந்தவன் இன்னும் மூடவில்லை.

மருத்துவரிடம் காட்டினோம். "வயித்துல வாயு. மூணு மாசத்துல தானா சரியாயிடும்" என்றார்.

"மூணு மாசமா!" என்று உம்மா அங்கேயே அழுதுவிட்டாள். பாபா மறுநாள் அலுவலகத்தில் மேசை மேல் தலை வைத்துத் தூங்கி, மேலாளரிடம் மாட்டிக்கொண்டார்.

உம்மா தினமும் குர்ஆனின் ஃபலக், நாஸ் அத்தியாயங்களை ஓதி, உள்ளங்கையில் ஊதி, தம்பியைத் தலை முதல் கால் வரை தடவுவாள். ஓதும்போதே அவளுக்குக் கண் சொருகிவிடும். விட்ட இடத்தை நான் எடுத்துக் கொடுப்பேன். 'பொறாமைக்காரன் பொறாமைப்படும்போது உண்டாகும் தீங்கிலிருந்தும்' என்று பொருள் வரும் இடத்தில் மட்டும் என் குரல் கம்மிவிடும். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உம்மாவுக்கு உதவி செய்ய ஹுஸ்ஸா அத்தை வந்திருந்தார். பாபாவின் அக்கா. அத்தைக்கு உதவி செய்வது என் வேலை ஆகிவிட்டது.

"இது வாயுவும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அத்தை ஒருநாள் காலையில். "கண்ணு பட்டிருக்கு. எவளோ புள்ளையப் பாத்துட்டு மாஷா அல்லாஹ்னு சொல்லாம விட்டிருக்கா."

"எவ்வளவு பேர் வந்தாங்க மதினி. யாருன்னு எப்படிச் சொல்றது?" என்றாள் உம்மா, கண்ணைத் திறக்காமலே.

"எதுக்குச் சொல்லணும்? வர்றவங்க தின்னுட்டுப் போட்ட பேரீச்சங்கொட்டையெல்லாம் சேத்துக் கழுவி, அந்தத் தண்ணிய புள்ள மேல ஊத்துவோம். யாரு கண்ணா இருந்தாலும் எறங்கிடும்."

"வீட்டுக்கு வர்றவங்களச் சந்தேகப்படறது நல்லாவா இருக்கு?"

"நான் யாரு பேரையாவது சொன்னேனா? கொட்டையத்தானே கேக்கறேன்!"

கொட்டை பொறுக்கும் வேலை யாருக்கு வந்திருக்கும்? கேட்கவே வேண்டாம்.

அன்று முற்பகல் ஆறு பெண்கள் வந்தார்கள். நான் கஹ்வா காபியைச் சின்னக் கோப்பைகளில் ஊற்றினேன். 'போதும்' என்று கோப்பையை ஆட்டிக் காட்டும்வரை ஊற்ற வேண்டும். இவர்களோ பேச்சு மும்முரத்தில் ஆட்டவே மறந்துவிட்டார்கள். கை விட்டுப் போனது. அவர்கள் கிளம்பியதும் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அத்தை பிளாஸ்டிக் பையோடு தயாராக நின்றார்.

"அஞ்சு தட்டுலதான் கொட்டை இருக்கு. இது யாரோடது, காலியா?"

"ஹைலா மாமியோடது."

"அவ மூணு பழம் தின்னா! நான் பாத்தேனே!"

அத்தையின் கண்கள் விரிந்தன. 

ஹைலா மாமி எங்கள் பக்கத்து வீடு. குழந்தை இல்லை. மாமாவும் லாரியோடு வாரக்கணக்கில் வெளியூர் போய்விடுவார். மிஷாரி பிறந்ததிலிருந்து மாமி தினமும் வருவார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

"தெரிஞ்சேதான் கொட்டைய எடுத்துட்டுப் போயிருக்கா" என்றார் அத்தை. "பாவம், புள்ளைக்கு ஏங்கறவ. வேணும்னு செஞ்சிருக்க மாட்டா. ஆனா கண்ணு கண்ணுதானே? இனிமே அவள உள்ள விடாத. வந்தா, உம்மா தூங்கறாங்கன்னு சொல்லிடு."

மறுநாளே மாமி வந்தார். கையில் ஒரு தகர டப்பா. திறக்காமலே கிலேஜா பிஸ்கட் வாசனை வந்தது. மாமி சுடும் கிலேஜாவில் ஏலக்காய் தூக்கலாக இருக்கும்.

"உம்மா தூங்கறாங்க மாமி" என்றேன், கதவைப் பாதி திறந்து.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மிஷாரி வீறிட்டான். கூடவே உம்மாவின் குரல்: "நூஃப்! துணி எடுத்துட்டு வா, சீக்கிரம்!"

எனக்கு முகம் சுட்டது. ஹைலா மாமி என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"சரி தங்கம். நல்லாத் தூங்கட்டும்" என்று சொல்லி, டப்பாவைப் படியில் வைத்துவிட்டுப் போனார். மெதுவாகத்தான் நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை முட்டியது. ஏனென்றால், தம்பி மேல் கண் போட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஏழாம் நாளன்றுதான் பள்ளியில் குர்ஆன் மனனத்துக்கு எனக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். காட்டலாம் என்று ஓடி வந்தால், என் அறை நிறைய விருந்தாளிகள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சான்றிதழை மேசையில் வைத்தேன். யாரோ அதன் மேல் கஹ்வா கூஜாவை வைத்துவிட்டார்கள். வட்டமாகக் கறை விழுந்துவிட்டது.

தொட்டில் பக்கம் போனேன். மிஷாரி குட்டிக் கையை மூடிக்கொண்டு தூங்கினான். அவ்வளவு அழகு! 'எல்லாம் உனக்கு மட்டும்தான், இல்ல?' என்று நினைத்தேன். மாஷா அல்லாஹ் என்று சொல்ல வேண்டும், எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சாயங்காலம் அவன் அழ ஆரம்பித்தான்.

பன்னிரண்டு நாளாக இதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். பழி எனக்கு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஹைலா மாமிக்குப் போய்விட்டதே!

பள்ளியில் ஆசிரியை சொன்னது நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) காலத்தில் ஒருவர், தன் தோழரின் மேனி அழகைப் பார்த்து வியந்துபோனாராம். பரக்கத் என்னும் இறையருள் வேண்டித் துஆ செய்யவில்லை. தோழர் அங்கேயே சுருண்டு விழுந்தார். பார்த்தவரை நபி அழைத்துக் கை கால் முகம் கழுவச் சொல்லி, அந்தத் தண்ணீரை விழுந்தவர் மேல் ஊற்றச் சொன்னார்கள். அவர் எழுந்து நடந்தார்.

மறுநாள் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு பெரிய கிண்ணத்தை எடுத்தேன். முகம் கழுவினேன், முழங்கை வரை கழுவினேன், காலையும் கழுவினேன். எல்லாத் தண்ணீரும் கிண்ணத்துக்குள்ளேயே விழுந்தது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். பாதி என் உடுப்பில் கொட்டியது.

உம்மா தம்பியைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். அத்தை வாயில் பேரீச்சம்பழத்தை அடக்கியபடி கஹ்வா குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி இது? வீடெல்லாம் ஈரம்!" என்றார் அத்தை.

"என்னோட தண்ணி. தம்பி மேல ஊத்துங்க. கண்ணு போட்டது நான்தான். ஹைலா மாமி இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். கூஜாக் கறை வரைக்கும். சொல்லச் சொல்ல மூக்கு ஒழுகியது. துடைக்கக் கை இல்லை, கிண்ணம் இருந்தது.

உம்மா பக்கத்தில் வந்து, தன் முக்காட்டின் நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"நேத்து படியில ஒரு பூனை தூங்கிட்டிருந்துச்சு" என்றாள். "அதப் பாத்து எனக்கு எவ்வளவு பொறாமையா இருந்துச்சு தெரியுமா? மாஷா அல்லாஹ் சொல்லணும்னுகூடத் தோணல. பாவம், அந்தப் பூனைக்கு என்ன ஆச்சோ!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அத்தையைப் பார்த்தேன். அத்தை சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். வாயிலிருந்த கொட்டையை எடுத்து, என் கிண்ணத்துக்குள் மெதுவாகப் போட்டார்.

"எனக்கு நாலும் பொண்ணு" என்றார், யாரையும் பார்க்காமல். "தம்பி வீட்டுல பையன்னு கேள்விப்பட்டதும்... சந்தோஷம்தான். ஆனா சந்தோஷம் மட்டும் இல்ல."

மிஷாரி மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு நீ ஓது நூஃப்" என்றாள் உம்மா. "நம்ம வீட்டுல மனனம் பண்ணவ நீதானே?"

ஓதினேன். 'பொறாமைக்காரன்' வரும் இடத்திலும் குரல் கம்மவில்லை. மாஷா அல்லாஹ், பாரகல்லாஹ் என்றும் சொன்னேன். கிண்ணத் தண்ணீரை மெல்ல அவன் தலையில் ஊற்றினோம். மிஷாரி திகைத்துப் போய் அழுகையை நிறுத்தினான். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அப்புறம் முன்னைவிட இரண்டு மடங்காக வீறிட்டான்.

"சரி. எல்லாம் இருக்கட்டும், அவ ஏன் கொட்டைய எடுத்துட்டுப் போனா?" என்றார் அத்தை.

"கேட்டா சொல்லிட்டுப் போறாங்க. யாருமே கேக்கலியே அத்தை!"

அத்தை என்னை முறைத்தார். பிறகு தலையை ஆட்டினார். "ஓடு. போய்க் கேளு. அப்படியே அவளக் கூட்டிட்டு வா."

ஹைலா மாமி பின்கட்டில் உட்கார்ந்து எதையோ கல்லில் இடித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆடுகள் அவர் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றன. கல்லில் பார்த்தேன். ஊறிய பேரீச்சங்கொட்டை!

"உங்க வீட்டு சுக்கரிப் பழத்துக் கொட்டைன்னா இதுங்களுக்கு உசுரு" என்றார் மாமி. "எங்க போனாலும் முக்காட்டு நுனியில முடிஞ்சுட்டு வந்துடுவேன்."

"மாமி, நேத்து உம்மா தூங்கல. நான் பொய் சொன்னேன்."

"தெரியும் தங்கம். தூங்கறவ துணி எடுத்துட்டு வான்னு கத்துவாளா?"

"அப்போ ஏன் மாமி ஒண்ணும் கேக்கல?"

மாமி இடிப்பதை நிறுத்தவில்லை. "புள்ள இல்லாதவளுக்கு இதெல்லாம் பழக்கம்தான். கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு."

 குனிந்து மாமியின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க. அத்தைதான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நிஜமா."

மாமி வந்து கையைக் கழுவினார். "மாஷா அல்லாஹ், பாரகல்லாஹ்" என்று சத்தமாகச் சொல்லி மிஷாரியை வாங்கினார். ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போல, வயிறு கீழே இருக்கும்படி முன்கையில் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தட்டினார். மிஷாரி ஒரு ஏப்பம் விட்டான். பாபாகூட அப்படி விட்டதில்லை. அப்புறம் அப்படியே மாமியின் கையில் தொங்கிக்கொண்டு தூங்கிப் போனான்.

வீடு அமைதியானது. எங்களுக்கு அது ஏதோ தப்பு நடந்துவிட்டது போல் இருந்தது. உம்மா சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

அத்தை உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மாமியின் பக்கத்தில் வைத்தார். "உன் ஆட்டுக்கு."

"இவ்வளவு கொட்டையா! எதுக்கு ஹுஸ்ஸாக்கா சேத்து வெச்சீங்க?"

அத்தை, "என் புத்தி கெட்டதுக்கு" என்றார்.

மாமிக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "என் கை ரெண்டும் புள்ளகிட்ட இருக்கு. ஒரு கோப்பை கஹ்வா ஊத்துங்க" என்றார். அத்தை தானே எழுந்து ஊற்றினார். மாமியின் வாயருகே பிடித்தும் கொடுத்தார்.

அப்போது வாசல் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தேன். தெருக்கோடி வீட்டுப் பாட்டியம்மா, குழந்தை பார்க்க வந்திருந்தார்.

"உம்மா தூங்கறாங்க" என்றேன்.

அவர் நம்பாமல் கழுத்தை நீட்டிக் காது கொடுத்துக் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.