அத்தையின் இடது கால்

“அக்கா... அத்தை கால நீவாதீங்க! கைய எடுங்க மொதல்ல!”

சிவரஞ்சனி ஓடிவந்து வேப்பெண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டதும் மல்லிகாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேற்று வந்த ஓரகத்தி! கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்து இன்னும் ஒரு காப்பிப் பறிப்பைக்கூட முழுசாகப் பார்க்காதவள்!

ஏற்காட்டு மலைமேல் வாழவந்தியில் அந்த வீட்டுக்கு மல்லிகா மருமகளாக வந்த நாளிலிருந்து மாமியார் காளியாயிக்குக் கால் பிடித்துவிடுவது அவள்தான். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள மஞ்சக்குட்டையில் ஒரு பூட்டிய கதவுதான் மிச்சம். ‘என்ற மல்லிகா கை பட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்’ என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லும் ஒரு வார்த்தைதான் அவளுடைய சொத்து, சுகம் எல்லாம்.

போன மாதம் மிளகு பறிக்கும்போது ஏணி சறுக்கிக் காளியாயி படுத்த படுக்கையானாள். இப்போது இடது கால் மட்டும் வீங்கிப்போய், தொட்டாலே சுட்டது.

“நேத்து ஏற்காட்டு ஆஸ்பத்திரில டாக்டர் சொன்னாருங்க அக்கா. ரத்த ஓட்டம் பாக்கற ஸ்கேன் எடுக்கற வரைக்கும் தேய்க்கவே கூடாதாம். இன்னிக்கே சேலம் போவோணும்.”

“ஆமா, நீ படிச்சவ... சொல்லுவ! இத்தன வருசமா நான் நீவுன காலு. இன்னிக்கு என்ற கை வெசமாயிருச்சாக்கும்!”

சிவரஞ்சனி கிண்ணத்தை அடுப்படி மேல்தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

மல்லிகாவுக்கு, சின்னவள் வைத்த ரசத்தை மாமியார் இன்னொரு தரம் கேட்டு வாங்கியதும், அவளையும் ‘கண்ணு’ என்று கூப்பிட்டதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாவற்றிலும் பங்கு கேட்டவள் கடைசியில் காலையுமா கேட்பாள்?

“மல்லிகா... வலி உசுரு போவுது சாமி. கொஞ்சம் நீவி உடேன்...”

காளியாயி முனகியதுதான் தாமதம், மேல்தட்டிலிருந்து கிண்ணம் இறங்கிவிட்டது. வழக்கத்தைவிட அழுத்தியே நீவினாள் மல்லிகா. அதில் பாதி வீம்பு. குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் சேலையை இழுத்துக் காலை மூடிவிட்டு எழுந்துகொண்டாள்.

மல்லிகாவின் கணவன் மாதேஷ் ஜீப்பை எடுத்தான். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பத் திரும்ப, வேப்பெண்ணெய் வாசம் குப்பென்று எழுந்தது. சிவரஞ்சனி ஒரே ஒரு தடவை திரும்பி மல்லிகாவைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சேலத்தில் மாதேஷ்தான் அம்மாவைத் தூக்கி ஸ்கேன் அறைக் கட்டிலில் கிடத்தினான். டாக்டரம்மா காலில் பசையைத் தடவிக் கருவியை வைத்ததும், திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ ஓடியது. ‘உஷ்... உஷ்...’ என்று சத்தம் வேறு.

“சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தமுங்களா?” என்றாள் மல்லிகா.

“இல்லம்மா. ரத்தம் இந்தக் கருவியைப் பாத்து வந்தா சிவப்பு, விலகிப் போனா நீலம். ரெண்டுமே ஓடுற ரத்தந்தான். இதோ, முழங்காலுக்குப் பின்னால பாருங்க... நிறமே இல்ல. நான் அழுத்தினா இந்தக் குழாய் அமுங்கணும், அமுங்க மாட்டேங்குது. ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு.”

சொல்லிக்கொண்டே காலில் ஓரிடத்தை மட்டும் துடைத்த டாக்டரம்மா, கையிலிருந்த தாளை முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது.

“எண்ணெயா? இன்னைக்குக் காலையில யாரு தேய்ச்சது? அந்தக் கட்டி பிச்சிக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருந்தா இந்தம்மா உயிரே போயிருக்கும்! தேய்க்கக் கூடாதுன்னு சொல்லலையா உங்களுக்கு?”

மல்லிகா தன் கையைப் பார்த்தாள். ஐயோ... அத்தையை நானே...

“நாந்தானுங்க டாக்டர்... நான்தான் தேச்சேன்.”

சொன்னது சிவரஞ்சனி!

வாசலில் நின்ற மாதேஷ் பொங்கிவிட்டான். “படிச்ச புள்ளைன்னு உன்னைய நம்புனனே! எங்கம்மாவக் கொல்லப் பாத்தியே!”

சின்னவள் தலை குனிந்து நின்றாள். அவள் எல்லார் முன்னாலும் இப்படித் தலை குனிந்து நிற்க வேண்டும் என்று மல்லிகா எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பாள்! இன்று அது கண்முன்னே நடந்தது. ஆனால் அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

“ஏனுங்க... அவளத் திட்டாதீங்க! நீவுனது நானு! வேண்டாம் வேண்டாம்னு கிண்ணத்தப் புடுங்கி வெச்சா... நான் பொறாமைல எடுத்து நீவுனேன்! இந்தக் கை... இந்தக் கைதானுங்க!” மல்லிகா சுவரில் அறைந்து கதறினாள்.

சிவரஞ்சனி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி... ஏன் கண்ணு என்ற பழிய நீ ஏத்துக்கிட்ட?”

“இந்த ஊட்டுல உங்களுக்குன்னு இருக்கறது அத்தை கால்மாடு ஒண்ணுதானுங்க அக்கா... எனக்குத் தெரியாதா? அதுவும் போயிருச்சுன்னா நீங்க எங்க போவீங்க? எனக்குத் திட்டு வாங்குனா ரெண்டு நாள்ல மறந்துரும்.”

மல்லிகா அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இருவர் கண்ணீரும் ஒன்றாகக் கலந்தது. மாதேஷ் வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“உறையாம இருக்க ஊசி போட்டு இங்கேயே வெச்சுப் பாப்போம். நல்லவேளை, சீக்கிரமே கூட்டிட்டு வந்துட்டீங்க” என்றார் டாக்டரம்மா, குரல் தணிந்து.

“அழுவறத அப்புறம் வெச்சுக்கங்க சாமி” என்றாள் கட்டிலிலிருந்து காளியாயி. “நீவச் சொன்னவ நானு, என்னைய ஒருத்தரும் திட்டக் காணம். இந்தப் பசையத் தொடச்சு உடுங்க, குளுருது.”

மல்லிகா கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். “ரஞ்சனி... நீயே தொடச்சிரு கண்ணு. எனக்குப் பயமா இருக்குது.”

சிவரஞ்சனி துணியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“நீங்களே தொடைங்க அக்கா. அழுத்தாம... மெல்ல.”