பாதியில் அறுத்த பாவு

மேஸ்திரி வேடியப்பன் மட்டப்பலகை வைத்து இழுத்துப் பூசிவிட்டுப் போன தரை, மறுநாள் காலை ஓரிடத்தில் மட்டும் லேசாக உப்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் தெளிக்க வந்த ஜெயப்ரியாவின் வெறுங்காலுக்குத்தான் தெரிந்தது. உள்ளங்கால் அளவில் ஒரு மேடு, பக்கத்தில் இன்னொன்று.

அந்த இடத்தில் முந்தாநாள் வரை தறிக்குழி இருந்தது. நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு, மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்கிற பள்ளம். மாமனார் தனகோடி வாழ்நாளெல்லாம் அதில்தான் கால் விட்டிருந்தார். போன மாதம் நெய்துகொண்டிருக்கும்போதே தலை சாய்ந்தது. தூக்கியபோதும் கால் குழியை விட்டு வர மறுத்தது.

இழவு வீட்டு ஈரம் காயுமுன் விற்கிறாள் என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும். கல்யாணமான நாள் முதல் கணவன் சரவணன் அம்பத்தூரில் கம்பெனி வேலை, நாலு பேரோடு ஓர் அறை. அவள் இங்கே மாமனாருக்குக் கஞ்சி. வீடு கைமாறினால் அங்கே சின்னதாக ஒன்று வாங்கி, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம். இதைப் பேராசை என்று எந்த வாயும் சொல்ல முடியாது.

அதிகம் செலவழிக்கக் கையில் வழியில்லை. யூடியூபில் ஒரு பெண் சொன்னபடியே செய்தாள். சுவருக்கு வெள்ளை, கதவுக் கீலுக்கு எண்ணெய், மஞ்சள் பல்புக்குப் பதில் வெள்ளை பல்பு, வாசலில் ஒரு மணி பிளாண்ட். வருகிறவர் கண் முதலில் தரையில்தான் விழும் என்றாள் அந்தப் பெண். கூடத்தில் குழி இருந்தால் யார் வாங்குவார்கள்? குளியலறையை இடித்த செங்கல் துண்டுகள் சும்மாவே கிடந்தன. அதைக் கொட்டி மூடிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

கொழுந்தன் கோபிநாத் சேவூரிலிருந்து வண்டியில் பறந்து வந்து தடுத்தான்.

"அண்ணி, தறியில பாவு இருக்கசொல்ல ஆள் போய்ட்டா, மீதிய யாராவது ஒக்காந்து நெய்ஞ்சு முடிக்கணும். அப்பறம்தான் அறுக்கணும், குழிய மூடணும். நம்ம வூட்டு வழக்கம் அது."

"அப்போ நீ ஒக்காரு."

"எனக்கு விசைத்தறிதான் வரும். ஆள் தேடிகினு இருக்கேன். கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தால் வாங்குகிறவன் வேறு வீட்டைப் பார்த்துக்கொள்வான். அதுதான் இவன் திட்டம் என்று அவள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அவன் தலை மறைந்ததும் கத்திரிக்கோலை எடுத்தாள். அரக்கு நிறத்தில் பாதி நெய்திருந்த புடவை மடியில் விழுந்தது. தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு இழைகளில் நெய்யாமல் மீந்ததைச் சுருட்டிக் குழிக்குள்ளேயே தள்ளி, மேலே கல்லைக் கொட்டச் சொன்னாள்.

இப்போது தரை உப்புகிறது.

"காத்து மாட்டிகினு கீதும்மா" என்று வேடியப்பன் கொத்திச் சமப்படுத்திவிட்டுப் போனார். மறுநாள் மறுபடி மேடு. இந்தத் தடவை விரல்களும் இருந்தன. இடது கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அந்த விரலுக்கு அவள் பல வருஷம் நகம் வெட்டியிருக்கிறாள்.

ஆனால் அவள் பயந்துவிடவில்லை. கோபிநாத்துக்கும் அதே வளைந்த விரல்தான். அவனிடம் இன்னொரு சாவியும் இருந்தது. வீட்டில் பேய் என்று கிளப்பிவிட்டால் விற்பனை நிற்கும், அவனுக்குக் கொண்டாட்டம். இந்தப் பூச்சாண்டி எல்லாம் என்னிடமா என்று நினைத்தாள். பூட்டை மாற்றினாள். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் உள்பக்கம் கோலமாவைப் பரப்பிவிட்டுப் படுத்தாள்.

காலையில் மாவு கலையவே இல்லை. தரையில் இரண்டு பாதங்களும் குதிகால் வெடிப்பு வரை தெளிவாக எழும்பியிருந்தன. சிமெண்ட் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. பட்டு நூலுக்குப் போடும் கஞ்சியும், வயதானவர் வேட்டியின் வியர்வையும் கலந்தது.

அன்றுதான் வீடு பார்க்க வருகிறார்கள். போனில் கோபிநாத்தைப் பிடித்தாள்.

"எப்படிடா உள்ள வந்த? எதுக்கு மிதிச்சிட்டுப் போன?"

"இன்னா அண்ணி சொல்றீங்க? நான் படவேட்ல கீறேன், கோயில்ல. நேத்தே வந்துட்டேன்." பின்னால் மணிச்சத்தம் கேட்டது. "எதை மிதிச்சேன்?"

"தரைய. மேடு மேடா கால் தடம்."

மணிச்சத்தம் தேய்ந்தது. அவன் கோயிலுக்கு வெளியே வந்திருக்க வேண்டும்.

"அண்ணி, மேல நின்னு மிதிச்சா பள்ளம்தான விழும். மேடு எப்படி வரும்?"

அப்போது கரண்ட் போனது. பராமரிப்பு என்று முன்பே அறிவித்திருந்தார்கள். தெருவெல்லாம் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த விசைத்தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த இரைச்சலிலேயே அவள் உண்டு, உறங்கி, அழுதும் இருக்கிறாள். அதுவும் மாமனார் தறியும் சேர்ந்து அடங்கிய வீட்டை அவள் கேட்டதே இல்லை. சுவரில் வெள்ளை காய்கிற சத்தம்கூடக் கேட்டது. அதற்கும் கீழே, தரைக்குள், ரொம்ப மெதுவாக இன்னொன்று.

சடக்.

குறுக்கு நூலைச் சுமந்து தறி நாடா ஒரு பக்கம் ஓடுகிறது.

சடக்.

திரும்பி வருகிறது.

இடது மேடு கொஞ்சம் உயர்ந்தது. தாழ்ந்தது. வலது உயர்ந்தது.

குழியைத்தான் மூடியாயிற்றே. பாவும் உள்ளேதான் இருக்கிறது. தரைக்கு அடியில், காலை மேலே வைத்துத் தலைகீழாக உட்கார்ந்திருப்பவருக்கு மிதிக்க என்ன இருக்கிறது? இந்தத் தரைதான்.

ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. வாசலில் கார் நின்றது.

வீடு பார்க்க வந்த போளூர் அருள்தாஸும் அவர் மனைவி கலையரசியும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெயப்ரியாவுக்கு அம்பத்தூர் ஞாபகம் வந்தது. ஒரு கூரை. இன்னும் கொஞ்ச நேரம்தான். பாயை இழுத்து மேடுகள்மேல் போட்டாள். பாய் அசைந்தது. வேறு வழி தெரியாமல் அதன்மேல் ஏறி நின்றுகொண்டாள்.

பாதத்துக்கு அடியில் பாதம். விரலுக்கு விரல். சரியாகப் பொருந்தியது.

"வாங்க, வாங்க."

"கூடம் நல்லா வெளிச்சமா கீதுங்களே" என்றார் அருள்தாஸ்.

"ஆமாங்க. எல்லாம் புதுசா பண்ணது."

"தறி இருந்த வூடுன்னாங்க?"

"எடுத்துட்டோம்."

இடது கால் உயர்ந்தது. அவள் உயர்த்தவில்லை. இறங்கியது. வலது. நகர்ந்துவிடப் பார்த்தாள். பாய் வந்தது, கால் வரவில்லை. கிழிந்த கோரைக்கு நடுவில் பாதம் சிமெண்டோடு ஒட்டிக் கிடந்தது. இடது. வலது. முட்டி வலித்தது. சிரித்த முகத்தை மாற்றாமல் நின்றாள்.

கலையரசி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கனிவாகக் கேட்டாள்.

"நீங்க நெய்வீங்களா? நிக்கசொல்ல கூட கால் தானா மிதிக்குதே."

ஜெயப்ரியா தன் வாழ்நாளில் தறியில் உட்கார்ந்ததில்லை.

"உங்க புடவை பிரியுது பாருங்க" என்றாள் கலையரசி.

ஜெயப்ரியா குனிந்து பார்த்தாள். தரையில் மயிரிழை போல ஒரு விரிசல். புடவையின் அடியோரத்திலிருந்து ஒரு நூல் நேராக அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சடக். ஒரு சுற்று. சடக். இன்னொரு சுற்று. மீந்த பாதியை நெய்து முடிக்கக் குறுக்கே ஓட்டும் ஊடை நூல் வேண்டும். கரை போயிற்று. கணுக்கால் தெரிந்தது.

"ஐயோ, அறுத்து விடுங்க" என்று கத்தினாள். அருள்தாஸ் சட்டென்று குனிந்து நூலைப் பிடித்து அறுத்தார்.

நூல் நின்றது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

சடக்.

குதிகால் வெடிப்பில் சுருக்கென்றது. அங்கிருந்து விரிசலுக்குள் மறுபடி ஓர் இழை இறங்க ஆரம்பித்தது. அரக்கு நிறம். ஈரமாக இருந்தது. அவள் அன்று கட்டியிருந்தது பச்சைப் புடவை.