நாற்பத்தொன்றாம் நம்பர் வீடு

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரின் மாடி அறைக்குள் அவள் நுழைந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆர்டர் எழுதுகிறவள் அவள். எந்திரத்தின் வழியாக எந்த ரகசியம் கசிந்தாலும் இவர் கண்டுபிடித்துவிடுவார் என்று கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தாள்.

"என் தங்கச்சி புருஷன் அடிக்கிறவன் சார். அவளை ஒரு தெருவுல ஒளிச்சு வெச்சிருக்கேன். அட்ரஸ் எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னிக்குக் காலைல அவன் அதே தெருவுல நாப்பத்தொண்ணாம் நம்பர் கதவைத் தட்டியிருக்கான். ஜன்னல் வழியாப் பார்த்துட்டு தங்கச்சி போன் பண்ணினா. அவ இருக்கறது பதினாலுல."

"உடனே இடத்தை மாத்திடலாமே," என்றார் ரிப்பேர்காரரின் மச்சான். எதிலும் முந்திக்கொள்கிற ஆள். 'அவசரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"அந்த அட்ரஸும் வெளிய போயிட்டா?" என்றாள் அவள்.

ரிப்பேர்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அட்ரஸை எங்கே எழுதினாள் என்று விசாரித்தார். முந்தாநாள் தங்கைக்குப் புதுக் கண்ணாடி அனுப்பக் கடைக் கம்ப்யூட்டரில் லேபிள் அடித்தாளாம். தன் கையாலேயே ஒட்டி, தானே கூரியரில் கொடுத்தாளாம்.

"கடையில யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"அவன் அந்தத் தெருவுக்கு வந்துட்டான்னு மட்டும் இன்னிக்குச் சொன்னேன். லென்ஸ் தீட்டுறவர் போலீசுக்குப் போகச் சொன்னார். கண் டெஸ்ட் பண்ற அக்கா பாவம், அழுதுட்டாங்க. 'நாப்பத்தொண்ணுல தாழ்ப்பாளாவது பலமா இருக்கா'ன்னு கேட்டாங்க."

"லென்ஸ்காரன்தான்," என்றார் அவசரம். "நல்லவன் மாதிரி போலீஸ்னு பேசறான் பாருங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்ற ரிப்பேர்காரர் அவள் பக்கம் திரும்பினார். "நாப்பத்தொண்ணுன்னு நீங்க எங்கயாவது அடிச்சீங்களா?"

அவள் யோசித்தாள். "பயத்துல ஆர்டர் ஃபாரத்துல பதினாலைத் தவறா நாப்பத்தொண்ணுன்னு மாத்தி அடிச்சேன். அதைக் காப்பி பண்ணி லேபிள்ல போட்டேன். லேபிள்ல திருத்திட்டேன். ஃபாரத்தை அப்பவே அழிச்சாச்சு."

"அப்போ லேபிளைப் பார்த்தவங்களுக்குப் பதினாலுதான் தெரியும். வாங்க, கடைக்குப் போவோம்."

கடையில் லென்ஸ்காரர் சாப்பிடப் போயிருந்தார். ரிப்பேர்காரர் ஜன்னல் படம் போட்ட விசையையும் வி எழுத்தையும் சேர்த்து அழுத்தினார். திரையில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. காலையிலிருந்து அவள் காப்பி செய்ததெல்லாம் வரிசையாக நின்றது. அதன் நடுவே தங்கையின் அட்ரஸ், நாற்பத்தொன்று என்ற நம்பரோடு இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாதே."

"பலருக்குத் தெரியாது. இதை யாராவது ஆன் பண்ணணும். கம்ப்யூட்டரை அணைச்சா பட்டியல் போயிடும். ஆனா இந்த வரி அழியாம இருக்க யாரோ பின் குத்தியிருக்காங்க, அதனால தங்கிடுச்சு."

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து அக்கா வந்தாள்.

"நீங்க நாப்பத்தொண்ணுன்னு கேட்டீங்களாமே," என்றார் ரிப்பேர்காரர் அமைதியாக. "இவங்க தெருவுன்னு மட்டும்தான் சொன்னாங்க. இவங்களையும் தங்கச்சியையும் தவிர அந்த நம்பர் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் கதவைத் தட்டினவன். இன்னொருத்தர் அவனுக்குச் சொன்னவர்."

அக்கா ஸ்டூலில் சரிந்தாள். "கண் டெஸ்டுக்கு வந்தவன் குழந்தை மாதிரி அழுதாம்மா. கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும்னான். ஒரு குடும்பம் சேர்ந்தா புண்ணியம்னு நெனச்சு இதை ஆன் பண்ணி வெச்சேன்."

அவளுக்கு அக்காவை அறையலாம் போல் ஆத்திரம் வந்தது. அதற்குள் அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடும்படி ரிப்பேர்காரர் சைகை காட்டினார்.

"என்னக்கா, அங்க எவனோ கிழவன் இருக்கான். சரியான நம்பரைச் சொல்லு. இன்னிக்கு அவ காலை ஒடிக்காம விடமாட்டேன்."

அக்கா போனருகே குனிந்தாள். "அவ... ஊரை விட்டே போயிட்டாளாம்பா."

"என்கிட்டயே பொய்யா? உன் கடை எனக்குத் தெரியும். இதோ வரேன்."

போன் அடங்கியது. அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இப்ப எங்கம்மா போவேன்?"

அதே கேள்வியை, அதே முகத்தோடு, தங்கை ஒருநாள் அவளிடம் கேட்டிருந்தாள். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"ஷட்டரை இறக்குங்க. தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போறோம், நீங்களும் வாங்க," என்றாள். "எங்க போறோம்னு மட்டும் கேக்காதீங்க."